தூள் போடாத தேநீர்

ஹாலட் தேநீருக்குச் சீனி கேட்பதில்லை. சுவிஸின் ஃப்ரிபூர்க் முதியோர் இல்லத்தில் நான் பராமரிக்கும் மாடியில் அவர் ஒருவர்தான் அப்படி. பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி குறைந்திருந்ததால், அவர் குடிக்கும் எதிலும் அதற்கென்றே உள்ள ஒரு தூளைக் கலந்து கூழ்போலத் தடிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"யோகண்ணை, மறந்தும் தண்ணியாக் குடுத்திடாதேங்கோ. நேரா நுரையீரலுக்குள்ள போயிடும்" என்றாள், கூட வேலை செய்யும் யசோதரா.

"எனக்கே வகுப்பெடுக்கிறியோ?"

"ஓம். உங்கட தேத்தண்ணியைக் குடிச்சுப் பாத்த ஆள் நான்."

ஹாலட் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், நான் முகம் மழித்து விடும்போது தன் பதவிகளை வரிசையாகச் சொல்வார். பதினெட்டு வயதில் மிட்ஷிப்மன் என்ற பயிற்சி அதிகாரி. பிறகு சப்-லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர். அதோடு நிறுத்திவிட்டு அழுவார்.

ஒரு நாள் காரணம் சொன்னார். மத்தியதரைக் கடலில் ஓர் அகதிப் படகு. அன்று கப்பலில் காவல் முறை அவருடையது. அவர்தான் முதலில் கண்டார். படகில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். கப்பல் நிற்கவில்லை.

ஆண்டையும் சொன்னார். என் தம்பி கஜீவன் அகதிப் படகில் வந்து அந்தக் கடலில் மூழ்கிய ஆண்டு அது. சாம்பல் நிறக் கப்பலொன்று முகம் தெரியும் தூரம் வரை வந்து விலகியது என்று, அவனது படகிலிருந்து தப்பி வந்த ஒருவன் சொல்லியிருந்தான்.

நான் கோபப்படவில்லை. மறுநாள் பிற்பகல் தேநீரில் அந்தத் தடிக்க வைக்கும் தூளைப் போடாமல் விட்டேன். உண்மையான தேநீர் கிடைத்த சந்தோஷத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னார். பிறகு இருமினார். இன்னும் கொடுத்தேன். மூச்சு முட்டி, என்னைப் பார்த்துக் கையசைத்தார். கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். நிமோனியாவில் இறந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவருடைய அலுமாரியை ஒதுக்க வந்த மகள் திரேசாதான் மிச்சத்தைச் சொன்னாள். காவலில் நிற்பவர் கண்டதை அறிவிக்கலாம். கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் கப்டன். அப்பா அவரிடம் கெஞ்சினாராம். கரைக்கு வந்ததும் கப்டன்மீது முறைப்பாடு கொடுத்துவிட்டு, சீருடையைத் தானே கழற்றினாராம்.

தகப்பனைப் பற்றிப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அவளிடம், கடைசி நாட்களில் தேநீரை விரும்பிக் குடித்தார் என்றேன். அது பொய்யில்லை.

எப்படியும் கண்டவர் அவர்தானே. ஒரு மனிதன் மூழ்குவதைக் கண்ணால் கண்டுவிட்டு, இன்னொரு மனிதனால் எப்படி விலகிப் போக முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.