கிழக்கு ஸ்டாண்டின் முதுகு

அட, எதுக்குத் தம்பி எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. கோட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டா உள்ள இருக்கற பச்சை பனியன் தெரியாதா என்ன? காலர் வெளியதான் இருக்கு. காலரை விடுங்க, இந்த பஸ்ஸுல அத்தனை பேர் மூஞ்சியும் இழவு வீட்டுலேர்ந்து திரும்பற மாதிரி இருக்கு, உங்க மூஞ்சி மட்டும் சிரிப்பை வாய்க்குள்ள அதக்கி வெச்சுக்கிட்டு இருக்கு. அதுலயே தெரியுது, நீங்க ஜெயிச்ச பக்கம். பரவாயில்ல. நான் கடிக்க மாட்டேன். இங்க யாராவது உங்களை ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன், என் சத்தத்துக்கு எல்லாரும் அடங்குவாங்க.

ஆமா, நான்தான். மெகாபோன் வெச்சிருந்த பொம்பளை. இதோ பைக்குள்ள இருக்கு. ஸ்டாண்டுல என்னை சங்குன்னு கூப்பிடுவாங்க, மில்லு சங்கு ஊதுமே, அந்த சங்கு. பேரு வெச்சது எங்க மேளக்காரர், லாரி ஓட்டறவரு. இந்தக் கருவி இல்லாமலே ஊரு பூரா கேக்கும்னு சொல்லுவாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க பக்கத்துல வந்து உக்காந்ததுக்குக் காரணம் இருக்கு. எங்க டீம் கடைசியில ஒரு கோல் போட்டுச்சே, அது எப்படிப் போச்சு? யாரு பாஸ் குடுத்தாங்க, எந்தக் காலால அடிச்சான், உங்க கோல்கீப்பருக்கு எந்தப் பக்கமாப் போச்சு, எல்லாம் சொல்லுங்க. பொறுமையாச் சொல்லுங்க, நான் இறங்கற இடம் வர இன்னும் நேரம் இருக்கு. வீட்டுல ஒருத்தன் இருப்பான். நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள அதைத்தான் கேப்பான். தெரியாதுன்னு அவன்கிட்ட சொல்ல முடியாது.

சிரிங்க சிரிங்க. சொந்த மைதானத்துல எங்க டீம் போட்ட கோலை, வெளியூர்க்காரர்கிட்ட விசாரிக்கற நிலைமை எனக்கு. நானே சிரிச்சிருப்பேன், வேற யாருக்காவது நடந்திருந்தா.

பாதியில கிளம்பிட்டேன்னா நினைச்சீங்க? நல்லா இருக்கே. கடைசி விசில் வரைக்கும் அங்கதான் நின்னேன். ஆனா சுவத்தைப் பாத்து நின்னேன். கிழக்கு ஸ்டாண்டு மொத்தமும் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சே, பாக்கலையா? பாத்தீங்கல்ல. என்ன நினைச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க. சாமியாட்டமா? போங்க தம்பி!

அது எங்க ஸ்டாண்டு பழக்கம். மத்த ஊர்ல தோத்தா என்ன பண்றாங்க? நாற்காலியைப் பிடுங்கறாங்க, பாட்டில் எறியறாங்க, கோச் கார் கண்ணாடியை உடைக்கறாங்க. எங்களுக்கு அந்த வேலை கிடையாது. சொந்த மைதானத்துல நாலு கோல் வாங்கினா, அதுக்கு மேல உங்க மூஞ்சியை நாங்க பாக்கல, எங்க மூஞ்சியும் உங்களுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் பாத்து நிப்போம். பாட்டு நிக்காது. டீமுக்குப் பாட்டு உண்டு, ஆளுங்களுக்கு மூஞ்சி கிடையாது. விசில் ஊதற வரைக்கும் யாரும் மைதானத்தைப் பாக்கக்கூடாது. பாத்தா அந்த சீசன் முடியற வரைக்கும் எங்களோட நிக்க முடியாது. துரோகிதான். இந்த சீசன் ஆரம்பத்துல ஒரு மெக்கானிக் எட்டிப் பாத்துட்டாருன்னு அவரை மேற்கு ஸ்டாண்டுக்கு அனுப்பிட்டோம். இன்னும் அங்கதான் பாவம், குடும்பஸ்தங்களோட உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டிருக்காரு.

விதி யாரு போட்டதா? நான்தான் போட்டேன். வேற யாரு போடுவாங்க.

கோபம் வராம இருக்குமா, சொல்லுங்க. உங்களுக்கே கொஞ்சம் பாவமா இருந்திருக்கும். முதல் கோல், எங்க கோல்கீப்பர். அவனுக்கு நாங்க வெச்ச பேரு வெண்ணெய். பந்து கைக்கு வந்துச்சு, வந்து வழுக்கிட்டு பின்னாடி போச்சு, அவன் பின்னாலேயே போய் அதைத் தொறந்த வாசல் வழியாப் போற விருந்தாளியைப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நின்னான். ரெண்டாவது எங்க கேப்டன். நல்ல மனுஷன், ஒரு காலத்துல நல்லா ஆடினவரும்கூட. ஆனா இப்ப அவரு ஓடறதுக்கு முடிவு பண்றதுக்குள்ள உங்க ஆளுங்க ஓடி முடிச்சிடறாங்க. மூணாவது பெனால்டி, அதைப் பத்திப் பேசினா எனக்கு பிரஷர் ஏறும். நாலாவது எப்படி விழுந்துச்சுன்னு எங்க டிஃபென்ஸ்ல இருக்கற நாலு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டாலும் நாலு விதமாச் சொல்லுவாங்க.

ஆனா ஆடறவங்க மேல எனக்கு அவ்வளவு கோபம் இல்ல. அந்த கோச் இருக்காரே, மஃப்ளர். ஆமா, அந்தப் புழுக்கத்துலயும் கழுத்துல சுத்திக்கிட்டு நின்னாரே, அவரேதான். ரெண்டு சீசனா அதே பதினோரு பேர். தோத்தாலும் அவங்க, ஜெயிச்சாலும் அவங்க. பெஞ்ச்ல இருக்கற பசங்களை என்ன பண்ணுவாரு தெரியுமா? ஹாஃப் டைம் முடிஞ்சதும் எழுப்பி விட்டு ஓரமா ஓடச் சொல்லுவாரு. வார்ம் அப்பாம். ஓடுவாங்க. அப்புறம் உக்காரச் சொல்லுவாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடு, மறுபடி உக்காரு. சோறா அது, சூடு பண்ணி, ஆற வெச்சு, மறுபடி சூடு பண்ண? ஓடி ஓடி அந்த ஓரத்துல புல்லே முளைக்க மாட்டேங்குது.

பதினெட்டாம் நம்பர் இருக்கானே, அவனும் அப்படித்தான். ஒவ்வொரு மேட்ச்சும் சாக்ஸை இழுத்து விட்டு, லேஸை அவுத்து மறுபடி கட்டி, மஃப்ளர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு ஓடுவான். உக்காரச் சொன்னதும் பனியனைத் தூக்கி மூஞ்சியைத் தொடைச்சுக்குவான். வேர்வையே இருக்காது. சும்மா தொடைச்சுக்குவான், நாலு பேர் பாக்கறாங்களேன்னு. அவ்வளவு தூரத்துலேர்ந்து வேர்வை இல்லன்னு எப்படித் தெரியும்னா? தெரியும் தம்பி. நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறவ, நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தை உத்துப் பாக்கறதுதான் பொழப்பு. சின்னச் சின்னதெல்லாம் கண்ணுல படும்.

இருங்க, போன் அடிக்குது. வீட்டுக்காரர்தான். அடிக்கட்டும். எடுத்தா எங்க இருக்கேன்னு கேப்பாரு, அடுத்து அவன்கிட்ட போனைக் குடுப்பாரு. இப்ப வேணாம். முதல்ல நீங்க சொல்லி முடிங்க.

வீடியோவா? யாரு எடுத்தது? இது என்ன டிவியில காட்டற லீக்கா? எங்க க்ளப்புல ஒரே ஒரு கேமரா இருக்கு, அதை வெச்சிருக்கற போட்டோக்காரரும் எங்க ஸ்டாண்டு ஆளு. அவரையும் திருப்பி நிறுத்தினது நான்தான். மனுஷன் சும்மா இருக்க வேணாமேன்னு எங்க மூஞ்சியை எல்லாம் எடுத்திருக்காரு. வேணும்னா பாருங்க, கோல் விழற நேரத்துல நான் வாயை எவ்வளவு பெருசாத் தொறந்திருந்தேன்னு துல்லியமாத் தெரியும். கோல் மட்டும் இல்ல.

விழுந்தது தெரிஞ்சுச்சு தம்பி. அதை ஏன் மறைக்கணும்? எங்க முதுகுக்குப் பின்னாடி உங்க மேளம் அதுவரைக்கும் ஓயாம அடிச்சுக்கிட்டிருந்துச்சு, டக்குனு நின்னுச்சு. நீங்க இன்னொண்ணு போட்டிருந்தா கூரை பிச்சுக்கிட்டிருக்கும். மேளம் நின்னா என்ன அர்த்தம்? போட்டது நாங்க. லாரிக்காரர் என் தோளைத் தொட்டு, சங்கு, நம்ம பசங்க போட்டுட்டாங்க போலிருக்கேன்னாரு. பக்கத்துல எங்க சலூன்காரர், தலை தானாத் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு அவருக்கு. நான் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன். மெகாபோன்லயே சொன்னேன், ஒரு கோலுக்கு விலை போறவன் எவனும் நாளைக்கு இந்தப் பக்கம் வரவேணாம்னு. ஒருத்தரும் அசையல. நானூறு பேர், ஒருத்தர் கழுத்து அசையல. எனக்கு அந்த நேரத்துல எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. இன்னும் சத்தமாப் பாடுங்கன்னு கத்தினேன்.

ஆள் மாத்தினதைச் சொன்னாங்களாம், எனக்குக் கேக்கல. அந்த மைக்குல பேசினா பேசறவருக்கே புரியாது, அதுல நாங்க வேற பாடிக்கிட்டிருக்கோம். விசில் ஊதினப்புறம்தான் பாத்தேன். அதுக்குள்ள டீம் உள்ள போயிடுச்சு, எங்க வாய்க்குப் பயந்து. ஸ்கோர் போர்டுல நாலுக்கு ஒண்ணு. ஒண்ணுக்குப் பக்கத்துல பதினெட்டு. நான் மெகாபோனை நிறுத்த மறந்துட்டேன் போல. ஸ்டாண்டு முழுக்க என் மூச்சு கேட்டுச்சுன்னு சலூன்காரர் சொன்னாரு. அவங்க எல்லாரும் வேன்ல கூப்பிட்டாங்க, நான் வரலன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். அவங்களும் பாக்கல, அவங்களை வெச்சு நான் என்ன பண்ண?

அதான் உங்களைக் கேக்கறேன். எங்க கேப்டனா பாஸ் குடுத்தாரு? நம்பவே முடியல. தலைக்கு மேல தூக்கிப் போட்டாரா, தரையோடவா? தரையோட. சரி. உங்க ஆள் ஒருத்தன் சறுக்கிக்கிட்டு வந்தானா... இவன் நின்னுட்டானா? நின்னு, அவனைப் போக விட்டுட்டு? ஐயோ, அவ்வளவு நிதானமா? அப்புறம் இடது காலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இடதா வலதா. நிச்சயமா இடது. உங்க பக்கமாத்தானே அந்தக் கோல், நல்லாத் தெரிஞ்சிருக்கும். அவன் இடது கால் படிக்கட்டு ஏறத்தான் உதவும்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன், தெரியுமா?

கோல்கீப்பருக்கும் கம்பத்துக்கும் நடுவுலயா. அவ்வளவு சின்ன இடத்துலயா. சரி. இடது கால், தரையோட பாஸ், நின்னான், கம்பத்தை ஒட்டி. மனசுல ஏத்திக்கிட்டேன். வீட்டுல பாத்தேன்னு சொல்லலாம்னுதான் தம்பி, வேற எதுக்கு. இருபது வருஷமா ஒரு ரிப்போர்ட்டை நான் மாத்தி எழுதினதில்ல. டாக்டரே வந்து கெஞ்சினாலும் இருக்கறதைத்தான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு பொய், நல்லாப் பாத்தேன்டா, நின்னியே, அந்த நிதானம் இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. போட்டுட்டு எந்தப் பக்கம் ஓடினான்? கூட ஆடறவங்ககிட்டயா? பெஞ்ச் பக்கமா?

எதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

கிழக்கு ஸ்டாண்டுக்கா.

கையை விரிச்சுக்கிட்டா. எது வரைக்கும் வந்தான்? விளம்பரப் பலகை வரைக்கும்னா கிட்டத்துல ஆச்சே, எச்சில் துப்பினா மேல படற தூரம். எந்த இடத்துல? தூண் இருக்கே, நடுத் தூண், அதுக்கு நேராவா? ஆமா, அங்கதான் நான் நிப்பேன். எப்பவும் அங்கதான். கை எப்ப கீழ இறங்குச்சு? கொஞ்சம் கொஞ்சமாவா.

அப்ப பாத்துட்டான். என் முதுகு அவனுக்குத் தெரியாதா? நானூறு முதுகுல தெரியும். அப்ப அந்தப் பொய் வேலைக்கு ஆகாது. நல்லவேளை சொன்னீங்க.

என்ன, கத்தினானா? எங்களைத் திட்டினானா? அப்படியா உங்க ஆளுங்க சொன்னாங்க? சொந்த ஸ்டாண்டையே திட்டறான்னு சிரிச்சீங்களா? சிரிப்பு வரும்தான். நியாயம்தான். திட்டினது காதுல விழுந்துச்சா? இல்ல, நாங்கதான் கத்திக்கிட்டிருந்தோமே, எப்படி விழும். வாய் எப்படி அசைஞ்சுச்சு, செஞ்சு காட்டுங்க. வெக்கப்படாதீங்க தம்பி, இங்க யாரும் பாக்கல. தொறந்து, மூடி, மறுபடி தொறந்து. இன்னொரு தடவை. ம்.

திட்டல தம்பி. அவனுக்குத் திட்ட வராது. நான் ஒருத்தி திட்டறதே வீட்டுக்குப் போதும்னு சின்ன வயசுலயே விட்டுட்டான். அம்மான்னு கூப்பிட்டிருக்கான், அவ்வளவுதான். திரும்பிப் பாக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான்.

ஆமா, என் பையன்தான். நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க, நீங்களாவது பாத்தீங்க. எவ்வளவு நேரம் அப்படியே நின்னான்?

ரெஃப்ரி வந்து கூட்டிக்கிட்டுப் போற வரைக்குமா. சரி. கொஞ்சம் காலை நகத்துங்க தம்பி, இறங்கணும்.