கலந்த குழாயைக் காத்த குணபூஷணி அக்காவுக்குப் பிரியாவிடை மடல்

குடல்வாழ் நுண்ணுயிர்களைக் குழந்தைகளாய்க் காத்த குணவதியே! மண்டபம் அகதி முகாமிலிருந்து முதல் பேருந்தில் வந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் இராமநாதபுரத்தில் எங்கள் ஆய்வகக் கதவைத் திறந்தவரே! எங்கள் அன்புக்கும் ஆசைக்கும், சில நாள் அச்சத்துக்கும் உரிய குணபூஷணி அக்கா அவர்களே! வணக்கம்.

மல மாதிரி கேட்டுக் கையில் டப்பாவோடு நீங்கள் நுழைந்தால் அக்காள்மடம் கிராமத்தில் தெருவே காலியாகும். "இதையெல்லாமா கேட்டு வாரீக?" என்று சீறிய அவ்வூர் முருகம்மாளிடம், "முதல்ல என்ரதைத்தான் குடுத்தனான், பிள்ளை" என்று சொல்லிச் சிரிக்கவைத்து வாங்கி வந்தீர்கள். வெட்கத்தை வென்ற வித்தகி வேறு யார்!

நம் உடலின் செல்கள் வளரப் பாலிஅமைன்கள் வேண்டும். அவற்றுள் ஒன்றான புட்ரெசினைக் குடல் பாக்டீரியாக்கள் எப்படி ஆக்குகின்றன என்று அறியத்தான் இத்தனை பாடு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்துத் தோற்றுக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு குழாயில் இரண்டு வகை பாக்டீரியாக்கள் கலந்துவிட்டன. "கெட்டுப்போச்சுக்கா, கொட்டிருங்க" என்றார் எங்கள் தலைவர் வீரலட்சுமி. "பொறுங்கோ, ரெண்டும் சேர்ந்து என்ன செய்யுதெண்டு பாப்பம்" என்றீர்கள். பார்த்தோம். ஒன்று அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அக்மாட்டின் என்ற பொருளாக்கி வெளியே விட்டது. மற்றது அந்த அக்மாட்டினை உள்ளே வாங்கி, புட்ரெசினாக்கி, அக்மாட்டின் ஒன்றை வாங்கப் புட்ரெசின் ஒன்றைக் கொடுத்தபடி வெளியே அனுப்பியது. வெளிநாட்டார் எழுதிவைத்ததைப் படித்தும் எங்கள் புத்தியில் ஏறாததை உங்கள் பொறுமை காட்டித் தந்தது.

ஆனால் அக்கா, ஒன்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடலுக்கு அக்கரையில், இலங்கைத் தலைமன்னாரில் இருக்கும் உங்கள் தங்கை சிவகௌரி தினமும் தொலைபேசியில், "எப்ப அக்கா வாறியள்?" என்று கேட்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகளாக நீங்கள் தொட்டுப் பார்க்காத தங்கை. "அடுத்த வருஷம்" என்பீர்கள். முதலில் ஊர் திரும்ப அனுமதி வரவில்லை. அது வந்த பின்னும், "இந்த ஆய்வு முடியட்டும் அக்கா" என்று மூன்று முறை உங்களைத் தடுத்தவர்கள் நாங்கள். மன்னியுங்கள்.

நீங்கள் இல்லாத காலைகளை நினைத்தால் இப்போதே நெஞ்சு ஏங்குகிறது. மாதிரி வாங்க எங்களில் யாருக்கு வாய் உண்டு? எங்களை அதட்ட இனி யார் உண்டு? இன்னும் ஓராண்டு இருக்கும்படி வேண்டிக் கடிதம் ஒன்று தயாரித்து, எல்லோரும் கையெழுத்தும் போட்டுவிட்டோம். இன்று காலை அதைக் கிழித்துவிட்டோம்.

அன்பில் பெரியவரே! நோயண்டாத உடலும் நோகாத மனமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! இன்று தங்கை கேட்கும்போது, "வாறன்" என்று சொல்லுங்கள்.

ஆறாத ஏக்கத்துடன்,
குடல் நுண்ணுயிர் ஆய்வகப் பணியாளர்கள்,
இராமநாதபுரம்.