சால்வைக் கறை

சந்தைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பையை முதுகில் மாட்டக் கூடாது, மேடம். வயிற்றுப் பக்கம் மாட்ட வேண்டும். எங்கள் எல் ஆல்டோ ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். "பசிலியா அக்கா சந்தைக்குப் போனா ஒரு ஊசிகூடத் தொலையாது" என்று தெருவில் பேர். அந்தப் பேரில் எனக்குத் திமிரும் கொஞ்சம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடக்கிற பிள்ளையின் கையை விடாதே. கூட்டத்தில் போனை வெளியே எடுக்காதே. யாராவது வந்து "மேல என்னமோ கொட்டியிருக்கு, துடைச்சு விடறேன்" என்றால் நிற்காதே. துப்பினவன் ஒருத்தன், துடைக்கிறவன் ஒருத்தன், மடியில் கை விடுகிறவன் இன்னொருத்தன். மூன்று பேரும் ஒரே கும்பலாக இருப்பார்கள். இந்தத் துடைக்கிற வேலை எங்கள் ஊரில் அவ்வளவு பிரசித்தம். யாராவது நிஜமாகவே அழுக்கைத் துடைத்துவிடக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாமிலுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனோம். அவன் பெரியவன், ஐந்து வயது. சின்னவள் நயேலியைத் துணிப்பட்டையால் இறுகச் சுற்றி, சால்வைக்குள் வைத்து முதுகில் கட்டியிருந்தேன். போன உடனேயே ஜாமில் நச்சரிக்க ஆரம்பித்தான். சட்டைப் பையில் கிடந்த சில்லறைக்கு ஒரு ஜெல்லி வாங்கிக் கொடுத்தேன், மேலே வெள்ளையாக கிரீம் வைத்துத் தருவார்களே, அது. தின்று முடித்து, கையை என் சால்வையில் துடைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. நான் உருளைக்கிழங்கு விற்கிற பவுலினா அக்காவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு குரல். "தாயி, சால்வையில என்னமோ அப்பியிருக்கு. அசையாதீங்க, துடைச்சு விடறேன்."

திரும்பினேன். நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் கசங்கிய காகிதம், இன்னொரு கையில் ஒரு பை. என் கை தானாக இடுப்புக்குப் போனது. வருஷக்கணக்காகப் பணப்பையை அங்கேதான் கட்டுவேன். அன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை. உடனே "திருடன், திருடன்" என்று கத்தினேன்.

எங்கள் பேட்டையில் விளக்குக் கம்பங்களில் பொம்மைகள் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய துணியில் வைக்கோல் அடைத்து, கழுத்தில் கயிறு போட்டு, 'திருட வந்தால் இதே கதிதான்' என்று பலகை மாட்டியிருப்போம். போலீஸ் வந்து சேர நேரமாகும், அதனால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு கடையில் விசில் ஊதினால் வரிசை முழுக்க ஊதும். அன்றும் ஊதியது. அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது அவரை யாரும் அடிக்கக்கூட இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நேரம் இருந்தது.

"பர்ஸை எங்கடா கைமாத்தின? கூட வந்தவன் எங்க?"

"நான் எடுக்கலைங்க. பொண்ணுக்கு ஷூ வாங்க வந்தேன். தாயி, நீங்களாவது சொல்லுங்க தாயி."

சத்தத்தில் நயேலி வீரிட்டு அழுதாள். சால்வையை முன்பக்கம் திருப்பி அவளை மார்போடு அணைத்தேன். ஜாமில் என் பாவாடையை இழுத்தான். "அம்மா, பர்ஸு பாப்பா கிட்டதானே இருக்கு. வேன்லேர்ந்து இறங்கினதும் நீதானே உள்ள வெச்ச?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் விரலில் அது தட்டுப்பட்டுவிட்டது. பட்டைக்குள், குழந்தையின் வயிற்றோடு ஒட்டி, சூடாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் மேல் எந்தத் திருடனும் கை வைக்க மாட்டான் என்று நான்தான் அங்கே செருகியிருந்தேன். சந்தை நெரிசலிலும் பேரத்திலும் அடியோடு மறந்துபோனேன்.

பவுலினா அக்கா மூட்டை கட்டுகிற கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"பசிலியா, நல்லாப் பார்த்துச் சொல்லு. இவன்தானா? பின்னாடி மாத்திப் பேசக் கூடாது."

அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். பொய்யாக விசில் ஊத வைத்தவளை அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று யோசித்தேன். மார்பில் ஒன்று, கையில் ஒன்று. நான் போய்விட்டால் இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் யோசித்தேன். இதெல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் அதற்கும் முன்னால் எனக்கு வந்தது வெட்கம், மேடம். ஊசிகூடத் தொலைக்காத பசிலியா குழந்தையின் துணிக்குள் பர்ஸை வைத்துக்கொண்டு கூப்பாடு போட்டாள் என்று தெரு முழுக்கச் சிரிப்பார்களே என்று கூசியது. இப்போது அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

ஜாமிலின் வாயைக் கையால் பொத்தினேன். "இவன்தான்" என்று சொன்னேன்.

அவர் பையைப் பிரித்தார்கள். சின்னப் பெண் போடுகிற வெள்ளை ஷூ ஒரு ஜோடி இருந்தது. இதுவும் எங்கேயோ அடித்ததுதான் என்றார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று கிளம்பிவிட்டேன். சந்தையின் மறுகோடிக்குப் போய், அதே பர்ஸிலிருந்து பணம் எடுத்து ஸ்வெட்டர் வாங்கினேன். வந்த காரியம் அது. சத்தம் அங்கேயும் கேட்டது.

மறுநாள் ரேடியோவில் செத்துப்போனவர் பேரைச் சொன்னார்கள், அன்செல்மோ உவாய்ப்பா என்று. உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். பவுலினா அக்கா எதையும் பார்க்கவில்லை என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். தெருக்காரர்கள் புதுப் பொம்மை கட்டப் பழைய துணி கேட்டபோது என் புருஷனுடைய கால்சட்டையைக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் அல்லவா.

இதையெல்லாம் சொல்லத்தான் வந்தேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஜாமில் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "அந்த மாமாவை ஏம்மா அடிச்சாங்க? பர்ஸு நம்மகிட்டதானே இருந்துச்சு?" என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பதறிப்போனேன். அவன் வாயை அடைக்க ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "நீ கிரீம் கையை என் சால்வைல துடைச்சே இல்ல? அதாலதான். வெளிய சொன்னா உன்னையும் பிடிச்சுக் கட்டிருவாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் புது ஸ்வெட்டரின் கைகளை விரல் தெரியாமல் இழுத்து விட்டுக்கொள்கிறான். எதையும் தொடுவதில்லை, நான்தான் ஊட்டுகிறேன். தெருவில் போகும்போது கையைக் கொடு என்றால் பின்னால் மறைத்துக்கொள்கிறான். கூட்டத்தில் பிள்ளையின் கையை விடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

இதோ, உங்கள் வாசல் பெஞ்சில்தான் இருக்கிறான், கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், மேடம். தன் கையால் வந்தது என்றே இன்னும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். பெற்ற தாயைப் பார்த்துப் பிள்ளை பயப்படக் கூடாது, இல்லையா?