கணினிக்குள் இருப்பதும் கடலே

கணினிக்குள் இருக்கும் கடலும் கடலே என்று, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மன் கோவில் வாசலில் ஊரைக் கூட்டி ஒருமனதாகத் தீர்மானித்து, உலகத்தின் கடற்பரப்பை ஒரே மாலையில் விரிவாக்கித் தந்த குருசுக்குப்பம் பஞ்சாயத்தின் தலைவரும், இந்தப் பாராட்டு விழாவின் தலைவருமான பெரியவர் சாமிக்கண்ணு அவர்களே. அந்தத் தீர்மானத்துக்கு வித்திட்ட புகாரைக் கொடுத்தவரும், பிறகு அதற்கு நேர் எதிரான வேலைக்கு முதல் கையைத் தூக்கியவருமான பஞ்சாயத்தார் பாவாடை அவர்களே. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து, அல்ஜீரியாவில் கலங்காமல் முத்தியால்பேட்டையில் கலங்கிய சொல்தா அந்துவான் ஐயா அவர்களே. தம்முடைய பிரவுசிங் சென்டரைப் போர்க்கப்பலாக மாற்றிக் கொடுத்த மொய்னுதீன் பாய் அவர்களே. பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்கிய கையோடு, கையைக்கூடக் கழுவாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பந்தலுக்கு உள்ளே வராமல், வீட்டுக்கும் போகாமல், பைக்கின் மேல் அமர்ந்தபடியே விசிலடித்துக் கொண்டிருக்கும் இளைஞர்களே. நாம் எல்லாரும் இன்று எதற்காகக் கூடியிருக்கிறோமோ அந்தக் காரணமாகிய, ராட்சசக் கணவாய் மீனைக் கொன்ற ஈட்டிக்காரி நிர்மலா அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கடல் என்றால் என்ன? இந்தக் கேள்வியை நான் கல்லூரியில் கேட்டால் உப்பு நீர் என்பார்கள். கவிஞரிடம் கேட்டால் கண்ணீர் என்பார். வங்கியில் கேட்டால் கடன் என்பார்கள். குருசுக்குப்பத்தில் கேட்டபோதுதான் விசாரணை வைத்துச் சொன்னார்கள். அந்த வரலாற்றை ஒழுங்காகச் சொல்லாமல் இந்த மாலையைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறது. கொரியாவில் ஒருவன், பிரேசிலில் ஒருவன், நம் முத்தியால்பேட்டையில் ஒருவன், எல்லாரும் அவரவர் நாற்காலியில் அமர்ந்து, ஒரே கடலில், ஒரே நேரத்தில் கப்பல் விடுகிறார்கள். அந்தக் கடலில் மிருகங்கள் இருக்கின்றன. அவற்றை அடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது ஒரு கணவாய் மீன். பத்துக் கை. ஏழு மாடி உயரம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மேலே வரும். அதை அடித்தவர் கப்பலின் பெயர் உலகம் முழுவதும் எல்லாருடைய திரையிலும் ஓடும். நம் கலைவாணன் தலைமையில் ஒரு கப்பல் அதற்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. கப்பலின் பெயர் குருசுக்குப்பம். சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகளில் தொழில் பார்த்துவிட்டு, மத்தியானம் தூங்க வேண்டிய நேரத்தில் மறுபடி கடலுக்குப் போன பிள்ளைகள் அவர்கள்.

அந்தக் கப்பலில் ஈட்டி எறிவது நிர்மலா. லாஸ்பேட்டைக் கல்லூரியில் படிக்கிறார். பலராமன் மகள். பலராமன் படகைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூத்த மகன் துபாய் போனதிலிருந்து அந்தப் படகில் ஓர் ஆள் குறைவு. பலராமனும் இளைய மகன் வடிவேலும் இரண்டே பேர். இரண்டு பேரால் அந்த வலையை இழுக்க முடியாது. கூலிக்கு ஆள் கிடைத்த நாளில் படகு கடலில் இருக்கும். கிடைக்காத நாளில் மணலில் இருக்கும், காக்கை உட்காரும். "நான் வரேம்ப்பா" என்று நிர்மலா கேட்காத வாரம் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஊரு ஒத்துக்காது" என்று பலராமன் சொல்லாத வாரமும் இல்லை. பெண்கள் படகில் ஏறுவது இந்த ஊரில் வழக்கம் இல்லை. ஆகவே அப்பா படகு மணலில் கிடக்க, மகள் மொய்னுதீன் பாய் கடையில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் பாவாடை ஐயாவின் தகப்பனார் காலமானார். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. படகெல்லாம் கரையில். பிள்ளைகளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்? பாய் கடைக்குப் போனார்கள். போனவர்கள் சும்மா திரும்பியிருக்கலாம். துக்க வீட்டுப் பந்தலில் வந்து உட்கார்ந்து, ஒருத்தன் காதில் ஒருத்தன், "இன்னிக்கு செம வேட்டைடா, சுறாவா அடிச்சுத் தள்ளிட்டோம்" என்று சொன்னார்கள். பறையடி ஓய்ந்த நேரம். பாவாடை ஐயாவின் காதில் அது தெளிவாக விழுந்தது.

"எங்கப்பன் பொணம் இன்னும் எடுக்கல, இவனுங்க கடலுக்குப் போயிட்டு வந்து கத பேசுறானுங்க" என்று அவர் ஊரைக் கூட்டினார்.

"அது கம்ப்யூட்டர்ல மாமா" என்றான் கலைவாணன்.

"கம்ப்யூட்டர்ல இன்னா இருந்துச்சு?"

"கடல்தான்."

"இன்னா அடிச்ச?"

"சுறா."

"அப்புறம் இன்னாடா?"

இதைவிடச் செறிவான குறுக்கு விசாரணையை நான் நீதிமன்றத்தில்கூடக் கேட்டதில்லை. இருந்தாலும் நம் பஞ்சாயத்து அவசரப்படவில்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இந்த ஊருக்கு இல்லை. பெரியவர்கள் எல்லாரும் நடந்தே முத்தியால்பேட்டையில் இருக்கும் பாய் கடைக்குப் போனார்கள். துணைக்கு, கப்பலில் பல கடல் கண்ட சொல்தா அந்துவான் ஐயாவையும் அழைத்துப் போனார்கள். ஐயாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கலைவாணன் கப்பலை எடுத்தான். காற்று அடித்தது. திரை மேலே போனது, கீழே வந்தது. மேலே போனது, கீழே வந்தது. சொல்தா ஐயா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்தார்.

"போதும்பா, நிறுத்து" என்றார். "பிரான்சுக்கு, மர்செய் துறைமுகம் போகும்போதும் இப்பிடித்தான் கொமட்டுச்சு. இது கடல்தான்."

பிறகு அவர் வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக நின்றார். சான்று முடிந்தது. ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அலை இருக்கிறதா? இருக்கிறது. விழுந்தவன் சாகிறானா? சாகிறான். மீன் கிடைக்கிறதா? அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கிறது. நம்பிப் போனவனைக் கடைசி நேரத்தில் கவிழ்க்கிறதா? கவிழ்க்கிறது. இதற்குமேல் ஒரு கடலிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? கணினிக்குள் இருப்பதும் கடலே. வெளியே இருக்கும் கடலுக்கு உள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு. சாவு விழுந்தால் அங்கேயும் போகக்கூடாது. தீர்ப்பு. பிள்ளைகள் அபராதமாக அம்மனுக்கு விளக்கேற்றினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் பாவாடை ஐயா சட்டத்தை இறுதிவரை பின்தொடர்கிறவர். மறுநாளே வந்து நின்றார்.

"கடல்னு ஆயிடுச்சு. அப்ப பலராமன் பொண்ணு எப்பிடிக் கப்பல்ல ஏறுது?"

"கேம்ல அவ ஆம்பள மாமா. தாடிகூட இருக்கு" என்றான் கலைவாணன்.

"தாடி இருந்தா இன்னா? நாற்காலில உக்காந்துருக்கறது யாரு?"

பதில் இருக்கிறதா? யாருக்காவது இருந்தால் கையைத் தூக்குங்கள். அன்றைக்கும் ஒருவரும் தூக்கவில்லை. தலைவர் நிர்மலாவைக் கூப்பிட்டார். பிறகு, "அது இருக்கட்டும்மா, நீ எறங்கிக்க" என்றார். அப்பாவின் படகில் ஏற விடாத ஊர், இப்போது தாடி வைத்த கப்பலிலிருந்தும் நிர்மலாவை இறக்கியது. அவர் அழவில்லை, கத்தவில்லை. "சரி பெரியப்பா. ஊரு சொல்றதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. கணவாய் வரும் ஞாயிற்றுக்கிழமை. பாய் கடையில் கால் வைக்கவே இடமில்லை. தீர்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பஞ்சாயத்தார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தொழிலுக்கு இறங்கும் முன் செய்கிற பூசையைப் பிள்ளைகள் செய்ய வந்தபோது பாய் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எலுமிச்சம்பழம் தாராளமா வைங்க. கற்பூரம் மட்டும் வேணாம்ப்பா, கீழ யூ.பி.எஸ். இருக்கு." பழம் கணினியின் தலையில் ஏறியது. நிர்மலாவும் வந்திருந்தார். வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவர் எறிய வேண்டிய ஈட்டி இப்போது வடிவேல் கையில் இருந்தது.

பிறகு அது வந்தது.

முதலில் நீர் கறுத்தது. பிறகு நீர் கொதித்தது. பிறகு நீரே எழுந்து நின்றதுபோல் ஒரு கை எழுந்தது, அதன் பின்னால் ஒரு கை, அதன் பின்னால் ஒரு கை. கொரியாக்காரன் கப்பலைக் குச்சிபோல் உடைத்தது. பிரேசில்காரன் கப்பலைப் பிழிந்து போட்டது. குருசுக்குப்பம் முன்னேறியது. வடிவேல் எறிந்தார், தவறியது. மறுபடி எறிந்தார், மறுபடி தவறியது. வடிவேல், தலையைக் குனியாதீர்கள்; உலகத்தில் எல்லாரும் அன்று தவறினார்கள். கணவாய் பார்க்கும் பக்கத்திலேயே எல்லாரும் ஈட்டியை எறிந்தார்கள். பாய்மரம் முறிந்தது. கப்பல் ஒருக்களித்தது.

நம் தலைவர் அதுவரை சாய்வு நாற்காலியில் இருந்தவர். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "அட, கணவாய் பின்னாலதான்டா பாயும், பின்னால எறிடா" என்று கத்தினார். எறியத் தெரிந்த கை எது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தலைவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"நிர்மலா, ஏறும்மா."

நிர்மலா அசையவில்லை. "பொம்பள கடலுக்குப் போக்கூடாது பெரியப்பா."

"நான் சொல்றேன், ஏறு."

"நீங்க ஒருத்தர் சொன்னா எப்பிடி? எறங்கச் சொன்னது ஊரு. பொம்பள கடலுக்குப் போலாம்னு ஊரே சொல்லட்டும். ஏறுறேன்."

கப்பலுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கலைவாணன், "சீக்கிரம் சொல்லுங்க, முழுவுது" என்று கெஞ்சினான். பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது ஒரு கை எழுந்தது. திரையில் இல்லை, தரையில். பாவாடை ஐயாவின் கை. "போலாம்னு சொல்லுங்கய்யா, கொரியாக்காரன் வேற கப்பல்ல மறுபடி வந்துட்டான்" என்றார். அடுத்து ஒரு கை, அதன் பின்னால் ஒரு கை, அதன் பின்னால் ஒரு கை. அன்று அந்தக் கடையில் கணவாய்க்கு இருந்ததைவிடப் பஞ்சாயத்துக்குக் கைகள் அதிகம் இருந்தன. தலைவர் கோவில் வாசலில் சொல்வதுபோலவே நிமிர்ந்து நின்று, நிதானமாக, முழுதாகச் சொன்னார்: "பொம்பள கடலுக்குப் போலாம். ஊரு சொல்லுது."

கைத்தட்டலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கணவாய் இன்னும் சாகவில்லை.

நிர்மலா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய மார்க்கெட்டில் கணவாய் விற்கும் சுலோசனா அம்மாளின் மகள் கணவாயைப் பார்த்தார், கணவாயும் அவரைப் பார்த்தது. மை கக்கியது, அவர் காத்திருந்தார். கை ஓங்கியது, அவர் காத்திருந்தார். கப்பல் பாதி மூழ்கியது, கடை முழுவதும் மூச்சை நிறுத்தியது, அவர் காத்திருந்தார். பின்னால் பாய்வதற்காக அது உடம்பை ஒரு கணம் சுருக்கியது. அந்தக் கணத்தில், அது இருக்கும் இடத்தில் அல்ல, அது வரப்போகும் இடத்தில், எறிந்தார்.

திரையின் மேலே இருந்த சிவப்புக் கோடு தேய்ந்தது, தேய்ந்தது, தேய்ந்தே போனது. கொரியாவில் பார்த்தார்கள், பிரேசிலில் பார்த்தார்கள்: குருசுக்குப்பம். மொய்னுதீன் பாய் கடையில் இருந்த எல்லாருக்கும் சேமியா பாயசம் கொடுத்தார். பாவாடை ஐயா இரண்டாவது முறை வாங்கிக் குடித்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே. எத்தனையோ தீர்மானங்களைப் பார்த்தவன் நான். தீர்மானத்தை நிறைவேற்றுவார்கள், கோப்பில் உறங்க வைப்பார்கள், கோப்பையும் தொலைப்பார்கள். இந்த ஊர் அப்படியல்ல. இங்கே ஊர் சொன்ன சொல்லை ஊர் திரும்ப எடுப்பதில்லை. சாவன்று பிள்ளைகள் விளக்கேற்றியது ஒரு சொல்லால். நிர்மலா இறங்கியதும் அதே சொல்லால். ஏறியது இன்னொரு சொல்லால். இந்த ஊர் இரண்டே இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கிறது. கணினிக்குள் இருப்பதும் கடலே, இது முதலாவது. பெண் கடலுக்குப் போகலாம், இது இரண்டாவது. இரண்டையும் முழு ஊரே கூடிச் சொன்னது. இரண்டுக்கும் சாட்சி உண்டு. ஒரு சாட்சிக்கு வாந்தியே வந்தது. இரண்டு கடல் என்று எவராவது இனிச் சொன்னால், இந்தப் பஞ்சாயத்தை அவமதித்தவர் ஆவார். ஒரே கடல். ஒரே சட்டம். ஒரே ஊர். என்ன, பலராமன்? நீங்கள் ஏன் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறீர்கள்? உங்களுக்கும் ஒரு மாலை இருக்கிறது.

இன்னும் பேச ஆசைதான். ஆனால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், சட்டப்படி பார்க்கிறார். பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட இளைஞர்களுக்கும், மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத விழாக் குழுவுக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்கி, கை கூப்பி விடைபெறுகிறேன். மாலை போடுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் போட்டு அனுப்புங்கள். விடியற்காலையில் பலராமன் படகு தொழிலுக்குப் போகிறது. பலராமன், வடிவேல், நிர்மலா, மூன்று பேர்.