மணியாச்சியில் இழுத்த சங்கிலி

1958-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதி மாலை, மணியாச்சி ஜங்ஷன் ரயில்வே போலீஸார் முன்பு, கோவில்பட்டி தாலுகா பெருமாள்பட்டி கிராமம், கருத்தையா மனைவி வெள்ளைத்தாய், வயது சுமார் 36, தொழில் ஆடு வளர்ப்பு, விசாரித்ததில் சொன்னதாவது:

நான் மேற்படி ஊரில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு மானாவாரிக் கரிசல் நிலம் உண்டு, கிணறு இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் மழை இல்லாமல் எங்கள் ஆடுகளில் பாதி செத்தன. அந்தச் சமயம் கோவில்பட்டியில் சேமிப்பு நிதி நடத்திய இராமச்சந்திரன் என்பவர் ஊருக்கு வந்து, "பணத்துக்குத் தாகமெடுக்காதுக்கா. வாரம் ஒரு ரூவா கட்டுங்க, அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பாத் தாரேன்" என்றார். கிணறு வெட்டலாம் என்று நான் சேர்ந்தேன். நான் சேர்ந்ததைப் பார்த்து, இட்லி விற்கும் சைத்தூன் பீவி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் சத்தியபாமா, இன்னும் எங்கள் ஊர்ப் பெண்கள் பலரும் சேர்ந்தார்கள். சத்தியபாமா தண்டட்டியை விற்றுக் கட்டினாள். அவள் காது இப்போதும் வெறுமையாகத்தான் தொங்குகிறது.

இன்று தவணை முடிந்ததால் பணம் வாங்கப் போனேன். நிதி ஆபீஸ் பூட்டியிருந்தது. பக்கத்தில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் அல்லாபிச்சை அண்ணாச்சி, "இப்பத்தான் டிரங்குப் பெட்டியோட ஸ்டேஷனுக்கு வண்டி பிடிச்சாவ" என்றார். நான் ஓடிப்போய், டிக்கெட் எடுக்காமல், நகர்ந்துகொண்டிருந்த தூத்துக்குடி வண்டியில் ஏறினேன். உட்கார முடியவில்லை. குமாரபுரத்தில் இறங்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து, விசில் ஊதியதும் மறுபடி ஏறினேன். கடம்பூரிலும் அப்படியே இறங்கினேன். அங்கே போளி வாங்க வெளியே நீட்டிய கையில் வாரப் பணம் வாங்கும்போது இராமச்சந்திரன் போட்டிருக்கும் மோதிரத்தைப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் ஏறி அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு வண்டி புறப்பட்டதும் அவர் குனிந்து, "சத்தம் போடாதீங்கக்கா. நீங்க கட்டுன முதலை இப்பவே தந்துருதேன். மணியாச்சியில இறங்கிருங்க. என்னையப் பாக்கலன்னு சொல்லிருங்க" என்றார். "மத்தவியளுக்கு?" என்று கேட்டேன். "அவிய பாடு அவியளுக்கு" என்று சொல்லி, நோட்டுகளை ஒரு துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். மீதிப் போளியையும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

மணியாச்சியில் வண்டி நின்றதும் இறங்க எழுந்தேன். கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். பணத்தை மடியில் செருகியிருந்தேன். ஊருக்குப் போனால் சத்தியபாமா முதலில் என்ன கேட்பாள் என்று நினைத்தபடி நின்றேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பிளாட்பாரம் முடியப்போகிற இடத்தில் அபாயச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார், ரவிக்கை கிழிந்தது. ரயில் கார்டு வரும்வரை நான் சங்கிலியை விடவில்லை.

அதன் பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் முன் மேஜையில் டிரங்கை வைத்துத் திறந்தார்கள். வேட்டிகளுக்கு அடியில் பணம் இருந்தது. கட்டியவர்களுக்குக் கட்டியதில் பாதிதான் தேறும் என்று இராமச்சந்திரனே ஒத்துக்கொண்டார். நான் மடியில் இருந்த துண்டை அவிழ்த்து அந்த மேஜையில் வைத்தேன். "இது ஒம் பணந்தானம்மா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். "அதோட சேத்து எண்ணுங்கய்யா" என்றேன்.

தக்க காரணமில்லாமல் சங்கிலியை இழுத்தால் ஐம்பது ரூபாய் அபராதம் என்று பெட்டியில் எழுதியிருப்பதை எனக்குப் படித்துச் சொன்னார்கள். டிக்கெட் இல்லாமல் வந்தது தப்பு, அதற்கு உள்ளதைக் கட்டச் சம்மதம். சங்கிலிக்குக் கட்டச் சம்மதமில்லை. ஆடுகளுக்குக் காலையிலிருந்து தண்ணீர் காட்டவில்லை, சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூடுதலும் குறைவும் இல்லை, அத்தனையும் நடந்தது.

(வெள்ளைத்தாய், இடது கைப் பெருவிரல் ரேகை)