கோணவாலன் வாசலில்தான் நிற்கிறான்

மேசை மணியைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எரியோட்டுப் பெரியவர் நல்லுசாமி அவர்களே! வரவேற்புரையில் அத்தனை பேரையும் வரவேற்றுவிட்டு என்னை மட்டும் மறந்துபோன செயலாளர் பிராங்கிளின் அவர்களே! ஊன்றுகோலை மடியில் கிடத்தி முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர், ஆரோக்கியம்மாள் அக்கா அவர்களே! பிள்ளைகளுக்குத் துணையாக வந்தோம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைவிட ஆவலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கன்னிவாடியிலிருந்தும் ஆயக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பழைய பொம்மைப்பட ரசிகர்களே! உங்கள் எல்லாருக்கும் மைக்செட் ஆண்டனிராஜின் வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார் தலைவர். சரி என்றேன். இந்த மைக்கும் இந்த ஸ்பீக்கர் பெட்டியும் என் கடைச் சரக்கு என்பதையும் பணிவோடு சொல்லி வைத்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர் ஊராக ஒலிபெருக்கி கட்டி, பேசியவர்களுடைய காலடியில் உட்கார்ந்து தமிழ் கற்றவன். அப்படிப்பட்டவனுக்குப் பொம்மைப்படத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் இன்றைக்கும் வந்திருக்கிறார். நன்றாக இருக்கட்டும்.

அன்பர்களே! கோணவாலன் என்றொரு நரி. அவனை அறியாத வீடு இந்தத் திண்டுக்கல்லில் உண்டா? வாரம் முழுக்க வடிவு வாத்தின் வீட்டில் களவாடுவான். வாரக்கடைசியில் அகப்பட்டு அடிபடுவான். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் வரைந்த படம். யாரோ ஒரு புண்ணியவான் தமிழ்க்குரல் கொடுத்தார். எச்சில் ஊறும் நாவோடு, "ஏ வடிவு, என்ன வெஞ்சனம்?" என்று அவன் கேட்கும்போது கடைவீதியே சிரித்தது.

அவனுடைய கிறிஸ்துமஸ் சிறப்புப் படம் ஒன்று. அதுதான் இன்றைய வழக்கு.

அந்தப் படத்தில் கோணவாலன் திருடவில்லை. வருடமெல்லாம் களவாடியதை ஒரு சாக்கில் கட்டி, பனியில் இழுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க வருகிறான். உள்ளே விருந்து, வெளியே வெண்பனி. உள்ளே வெளிச்சம், வெளியே அவன். தட்டுகிறான். ஜன்னலில் வடிவின் நிழல் அசைகிறது. மறுபடியும் தட்டுகிறான். கதவு திறந்ததா?

திறக்கவில்லை! தட்டிய கை தட்டியபடியே இருக்க, சட்டென்று ஆலய மணி, சட்டென்று பாட்டுக்குழு, நம் பங்குக் கோயில் குடில், நம் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிற பாட்டு. படம் முடிந்தது. ஆண்டுதோறும் நம் கேபிளில் அப்படித்தான் முடிந்தது.

பாடுவது நம் பிள்ளைகள் என்று தெரிந்தும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்களா? ஏன் கேட்க வேண்டும்? உலகத்தில் நடக்கிறதெல்லாம் கடைசியில் திண்டுக்கல்லுக்குத்தான் வந்து சேரும் என்று நினைக்கிறவர்கள் நாம். நரியும் வந்து சேர்ந்தான் என்று நினைத்தோம்.

இதிலே இரண்டு கட்சி பிறந்தது. கதவு திறக்காததால் கோணவாலன் நடந்து நம் கோயிலுக்கே வந்துவிட்டான் என்பது கோயில் கட்சி; அதற்குத் தலைவர் இங்கே தலைவராக இருப்பவரே. அவன் எங்கும் போகவில்லை, இன்னமும் அங்கேயே நிற்கிறான் என்பது வாசல் கட்சி. அதன் தலைவன், தொண்டன் எல்லாமே அடியேன். ஆண்டுக்கு ஒருமுறை கூடுவோம், வாதாடுவோம், டீ குடிப்போம், கலைவோம்.

இப்படியிருக்க, இந்த வருடம் பிராங்கிளின் எங்கிருந்தோ முழுப்படத்தையும் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அதற்கென்றே போன மாதம் மன்றத்தைக் கூட்டிப் போட்டுக் காட்டினார். கதவு திறக்கிறது. வடிவு அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறது. கோயில் இல்லை, பாட்டுக்குழு இல்லை.

அப்படியானால் நாம் இத்தனை காலம் பார்த்தது என்ன? நம் உள்ளூர் கேபிள்காரர் அப்துல் கையூம், அந்த முதல் வருடம், படம் முடிவதற்கு முன்பே பாதியில் நிறுத்திவிட்டுக் கோயில் குடில் திறப்பை நேரடியாகக் காட்டியிருக்கிறார். அதே ஓட்டத்தில் கேசட்டிலும் பதிவாகியிருக்கிறது. பிறகு ஆண்டுதோறும் அதே கேசட்டைப் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு இந்த மன்றம் என்ன செய்தது? "ஏமாத்திப்புட்டீகளே பாய்! எங்க சின்ன வயசையே வெட்டிப்புட்டீகளே!" என்று கத்தினார்கள். இந்த மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். எழுந்து போனார். இன்றைய அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. என் பெயர் கடைசி வரியில், அச்சு தேய்ந்து கிடக்கிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துவேன், அவ்வளவுதான்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று அவரை ஒருவராவது கேட்டீர்களா? நான் போய்க் கேட்டேன்.

"அண்ணே, அந்த வருசம் ஆரோக்கியம்மா அக்கா இடுப்பொடிஞ்சு படுக்கையில கெடந்துச்சு. குடில் தொறக்கிறத பாக்காம எனக்கு ஏது கிறிஸ்மஸுன்னு அழுதுச்சு. வீட்டுலயே காட்டுறேன்க்கான்னு வாக்குக் குடுத்துட்டேன். மணி அடிக்கவும் மாத்தி விட்டேன். அன்னிக்கி நரி கதவத் தட்டுனத நான் பாக்கவேயில்லண்ணே, ஒயரப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அக்கா பேரச் சொல்லி நான் தப்பிக்கவா?" என்றார்.

அக்கா, உண்மையா இது? உரக்கச் சொல்லுங்கள்... கேட்டதா சபையோரே? "ஆமாப்பா, கட்டுல்ல கெடந்து பாத்தேன். எனக்குக் குடுத்த வாக்குக்காகத்தான் நரிப் படத்த நிறுத்துனாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாதே" என்கிறார். அழ வேண்டாம் அக்கா. நீங்கள் குற்றவாளியில்லை, சாட்சி.

தலைவரே, மணியைத் தொடாதீர்கள். இன்னும் செத்த நேரம்.

வெட்டினார், வெட்டினார் என்கிறீர்களே, அந்த வெட்டினால் விளைந்தது என்ன? பனியில் நிற்கிற நரியை நினைத்து எங்கள் தெருப் பிள்ளைகள் அழுதார்கள். அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் சாயங்காலம் வாசற்படியில் ஒரு தட்டு வைத்தார்கள். தட்டில் முறுக்கும் அதிரசமும். யாருக்கு என்றால், கோணவாலனுக்கு என்றார்கள். தெருவுக்குத் தெரு பரவியது அந்தத் தட்டு. சிலுவை மாட்டிய வீட்டில் வைத்தார்கள். திருநீறு பூசிய வீட்டில் வைத்தார்கள். கையூம் பாய் வீட்டில் உம்மு சல்மா தங்கச்சியும் வைத்தது. முழுப்படம் பார்த்த ஊர்களில் அந்தத் தட்டு உண்டா? அங்கே நரிக்குத்தான் கதவு திறந்துவிட்டதே! தட்டு எதற்கு? பசியோடு நிற்கிறவனுக்கல்லவா தட்டு! தெருநாய் தின்றது, காக்கை தின்றது, ராத்திரி வேலை முடிந்து போகிறவர் எடுத்துத் தின்றார். யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை.

என்னப்பா பின்வரிசையில்? "படத்தப் போடுங்கய்யா"வா? போடலாம், அப்பு, போடலாம். அதற்கு முன்னால் ஒரு சங்கதி.

வெளிச்சம் வந்தால் திரை தெரியாது என்று இந்தக் கூடத்தின் கதவுகளை எல்லாம் சாத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கண் மங்கல்; வண்டி ஓட்ட முடியாது. என்னைத் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டவர் யார் தெரியுமா? கையூம் பாய். உள்ளே வாருங்கள் என்றேன். "கூப்புடாத எடத்துக்கு எப்புடிண்ணே வாரது? நீங்க பேசி முடிங்க, நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார். அந்தக் கதவுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் பேச்சை என் பெட்டி வழியாகவே கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

கோணவாலனுக்குக் கதவு திறந்ததைக் கண்டு போன மாதம் கைதட்டிய கைகளே! அதே நாளில் ஒரு மனிதனை வெளியே அனுப்பிய கைகளும் நீங்கள்தானே? திரையில் திறந்தால் ஆனந்தம். தரையில் திறக்க அத்தனை தயக்கமா? வாத்துக்கு இருந்த மனசு நமக்கு வேண்டாமா? மன்றத்தின் பெயரால் கதவைத் திறந்து அவரைக் கூப்பிடும்வரை நான் இந்த மைக்கை விடுவதாக இல்லை. அணைக்க முயல வேண்டாம். சுவிட்ச் என் காலடியில் இருக்கிறது.

யார் எழுந்தது? தலைவரா? மணியை அடிக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். இல்லை, நடக்கிறார். வழி விடுங்கள், பெரியவருக்கு வழி விடுங்கள். தம்பி பிராங்கிளின், மேல் தாழ்ப்பாள் அவருக்கு எட்டாது, போய் எடுத்து விடுங்கள்.

பார்த்தீர்களா, எவ்வளவு வெளிச்சம்! திரை வெளுத்துப் போயிற்று. போகட்டும்.

"வாங்க பாய், உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீக" என்கிறார் தலைவர். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன். கையூம் பாய் தலையைக் குனிந்துகொண்டு வருகிறார். முன்வரிசையில் அக்கா பக்கத்தில் உட்காருங்கள் பாய். ஊன்றுகோலை நகர்த்தி அக்காவே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

பேச இடம் கொடுத்த மன்றத்துக்கும், மணி அடிக்காமல் நடந்த தலைவருக்கும், கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இனி நீங்கள் எந்தப் படத்தைப் போட்டாலும் போடலாம். அந்தப் படத்தில் கதவு திறந்ததை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை கோணவாலன் வாசலில்தான் நிற்கிறான், இந்த வருடமும் அவனுக்குத் தட்டு உண்டு. இந்தக் கூடத்தின் கதவு திறந்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வணக்கம்.