டைமரைச் சரிபார்க்க வேண்டாம்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, பூட்டினோமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான். வித்தியாசம் என்னவென்றால், நான் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்கு வருவேன். அங்கே நின்று, சரியாக இழுத்தோமா என்று யோசிப்பேன். பல நாட்களில் அதற்குள் பேருந்து போய்விடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டிய அறிக்கையில், அத்தான் குளிர் அறைக்குள் இறந்ததற்குக் காரணம் ‘கணினிப் பொறுப்பாளரின் கவனக்குறைவு’ என்று இருக்கிறது. மற்றதெல்லாம் சரி. எழுத்துப்பிழைகூட இல்லை. அந்த ஒரு சொல்தான் உறுத்துகிறது. நடந்ததை வரிசையாக எழுதித் தந்தால் நீங்களே திருத்திவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஐஸ்கிரீம் கிடங்கில் மேற்பார்வையாளர். எனக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான், தங்க இடம் கொடுத்தவரும் அவர்தான். அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கும் சோபா என்னுடையது. பகலில் கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்வேன், மாலையில் கணினி இயங்குதள வகுப்புக்குப் போவேன். அத்தான் நல்ல மனிதர். அவர் இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும். அந்தக் கலகலப்புக்குப் பெரும்பாலும் நான்தான் விறகு.

“என்னடா மச்சான், அடுப்பு கேஸை மூடினியா?” என்பார்.

“மூடிட்டேன் அத்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. மூடினது நீதானா?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாவம், விடுங்க அவனை” என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. நிம்மதியாக இன்னொரு தடவை கேஸைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

குளிர் அறைக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து போயிருந்தது உங்களுக்குத் தெரியும். கதவு தானாக மூடிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. புதுக் கைப்பிடி வரும்வரை ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். உள்ளே போகிறவர் வெளியே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இருபது நிமிடத்தில் அழுத்தாவிட்டால் அலுவலகத்திலும் வாசலிலும் சைரன் அலறும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கணினி ஒருநாள் புகைவிட்டுப் படுத்துவிட்டது. அதன் வேலையை அலுவலகத்தின் புதுப் பெரிய கணினிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஒரு பெரிய கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகளை, குடிவைக்கலாம். உள்ளே இருப்பது விருந்தாளி, வெளியே இருப்பது வீட்டுக்காரர். வேடிக்கை என்னவென்றால், விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்பதே தெரியாது. மொத்த வீடும் தன்னுடையது என்ற நினைப்பில் காலை நீட்டிப் படுத்திருக்கும். வகுப்பில் மற்றவர்கள் இந்தப் பாடத்துக்குத் தலையைச் சொறிந்தார்கள். சோபாவில் படுப்பவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இயங்குதளத்தின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கண் விழித்ததும் அது தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கும். டைமர் நொடிக்குப் பல தடவை அதன் தோளைத் தட்டி, ‘நேரம் போகிறது’ என்று சொல்ல வேண்டும். கெர்னல் சும்மா கொஞ்சநேரம் காத்து நிற்கும். தட்டல்கள் விழுந்தால் மேலே போகும். விழாவிட்டால், டைமர் வேலை செய்யவில்லை என்று திரையில் எழுதிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். இதைக் கேட்டபோது, உலகத்தில் என்னைப்போல இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் விருந்தாளிக் கெர்னலுக்கு இதில் ஒரு சிக்கல். வீட்டுக்காரருக்கு ஆயிரம் வேலை. தட்டலைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குள் விருந்தாளி, தன் நாடி நின்றுவிட்டதாகப் பயந்து படுத்துவிடும். அதற்காகவே, இயக்கும்போது சேர்க்க ஒரு வார்த்தை உண்டு. டைமரைச் சரிபார்க்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அதைப் போட்டால் கெர்னல் கேள்வி கேட்காமல் எழுந்துவிடும்.

வகுப்பு வாத்தியார் அப்போதே சொன்னார்: “போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கங்க. தட்டல் லேட்டா வருதா, வரவே இல்லையா? லேட்டா வந்தா தாராளமாப் போடுங்க. வரவே இல்லைன்னா போடாதீங்க. அப்ப அது உண்மையத்தான் சொல்லுது. நீங்க அதோட வாயப் பொத்துறீங்க.”

நான் வேலையை முடித்தபோது எங்கள் விருந்தாளியும் படுத்துவிட்டது. வாத்தியார் சொன்னபடி பார்த்தேன். தட்டல் தாமதமாக வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. மெய்நிகர் டைமரின் இணைப்பை நான்தான் தவறாகக் கொடுத்திருந்தேன். அரைமணி நேர வேலை, உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். மறுநாள் காலையில் செய்வதாக இருந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு அத்தானின் நண்பர்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அத்தான் என்னைப்போல நடித்துக் காட்டினார். வாசலுக்குப் போனார், வந்தார், போனார், வந்தார். கடைசியில் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, “இருக்கேன்... இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்” என்றார். நன்றாகவே நடித்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ‘பாவம், விடுங்க’ வரும் என்று காத்திருந்தேன்.

“ஐயோ, இன்னொரு தடவ பண்ணிக் காட்டுங்க” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தான் வந்து பின்னால் நின்றார்.

“மச்சான், செய்யுதா இல்லையா?”

“அது வந்து அத்தான், டைமர் தட்டல்...”

“கதையெல்லாம் வேணாம். ஒரே வார்த்தைல சொல்லு.”

ஒரே வார்த்தையைச் சேர்த்தேன். இயக்கினேன். விருந்தாளி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சமர்த்தாக எழுந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

“செய்யுது” என்றேன்.

“பாத்தியா, எவ்வளவு சுலபம்? இப்படியே இரு, சீக்கிரம் மனுஷனாயிடுவ” என்று முதுகில் தட்டினார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மதியம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அத்தான் கடைசியாக ஒருமுறை சரக்கைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, போனை என் மேசையில் வைத்தார். குளிரில் சார்ஜ் இறங்கிவிடும் என்று எப்போதும் அப்படித்தான் வைப்பார். அரைக்கைச் சட்டையோடு, பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. என் திரையில், உள்ளே ஒருவர், கடந்த நேரம் சுழியம் நிமிடம் என்று வந்தது. நான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் சுழியம் நிமிடம்தான். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அத்தான் இப்போதுதான் உள்ளே போனார். இன்றைக்கும் இப்போதுதான் போயிருக்கிறார்.

மாலையில் வகுப்பில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

“டேய், உங்க அத்தான் இன்னும் வரலடா. போனும் எடுக்கல. நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா” என்றேன். நான் அக்காவிடம் பொய் சொன்னதில்லை.

பிறகு அவளே கிடங்கின் இரவுக் காவலாளியை அனுப்பித் திறக்கச் சொன்னதும், அங்கே கண்டதும் உங்கள் அறிக்கையில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில்தான், மேடம், ‘டைமர் இயங்குகிறதா என்பதையோ, உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதையோ பொறுப்பாளர் சரிபார்க்கத் தவறினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமே இல்லை. டைமரைச் சரிபார்த்தேன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆளையும் சரிபார்த்தேன். ஒரு தடவை பார்த்தால் போதாது என்பது என் சுபாவம், அதனால் மூன்று தடவை போனேன்.

முதல் தடவை அத்தான் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். என்னைக் கண்டதும் சிரித்தார். கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. கண்ணாடியோடு வாயை வைத்து என்னவோ சொன்னார். தடித்த கதவு, சத்தம் கேட்காது. உதடு அசைந்ததைப் பார்த்தால் ஒரே வார்த்தைதான். மூன்றாவது தடவை அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இல்லை. எக்கிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் பெட்டிகளில் சாய்ந்து, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க என்னால் முடியாது, கதவு மூடியிருந்தது.

அதனால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக என்ன போடுவீர்களோ அதில் கையெழுத்திடுகிறேன்.

அன்று மூன்றாவது தடவை பார்த்த பிறகு கிடங்கைப் பூட்டினேன், பூட்டை ஒருமுறை இழுத்தேன். தெருமுனைக்கு வந்து வழக்கம்போல நின்றேன். சந்தேகமே வரவில்லை. பேருந்தும் உடனே கிடைத்தது.